வடக்கு மூலைச் சிவப்புப் புள்ளிகள்

என் நாத்தனாருக்குக் காலில் சக்கரம். இதைக் குறையாகச் சொல்கிறேனா, பெருமையாகச் சொல்கிறேனா என்று என்னைக் கேட்காதீர்கள். அது அந்தந்த நாளைப் பொறுத்தது. தொலைபேசியில் பேசினால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டேதான் பேசுவார். பல் துலக்க ஆரம்பித்தால் மொட்டைமாடி வரை போய்விட்டு வருவார். சாப்பிடும்போதாவது உட்காருவாரா என்று பார்த்தால், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போவார். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், தலைக்கு மேலே மாடி அறையில் டக் டக்கென்று அவருடைய நடை.

"உங்க அக்கா உட்காரவே மாட்டாங்களா?" என்று என் கணவரிடம் கேட்பேன். அவர் எலக்ட்ரீஷியன். வீட்டில் நாலு வார்த்தை பேசினாலே அன்றைக்கு ஏதோ விசேஷம் என்று அர்த்தம்.

"அக்கா பிறந்ததிலிருந்தே அப்படித்தான்."

"நீங்க அவங்களுக்கு அப்புறம் பிறந்தவர். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஃபேனைக் கழற்றப் போய்விடுவார்.

பள்ளியில் பெஞ்சில் உட்காரவே மாட்டாராம். அதனால் கரும்பலகை துடைக்கும் வேலையை அவருக்கே நிரந்தரமாக்கிவிட்டார்களாம். முதல் வேலை வரைபட அலுவலகத்தில். குனிந்து உட்கார்ந்து கோடு போடச் சொன்னதும் விட்டுவிட்டார். பிறகு நூலகம், அதற்குப் பிறகு டிக்கெட் பதிவு செய்யும் கடை. நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. மனிதர் தங்கமானவர்தான். ஆனால் சாயங்காலமானால் மனைவி சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் அவருக்கு. சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தார்கள். ரெண்டு பைகளோடு எங்கள் மாடி அறைக்கு வந்தவர், நாற்பது வயதுக்கு மேல் கல்லூரிக்குப் போய் நகரத்து நீர்நிலைகளைப் படிக்கிறேன் என்றார்.

"தண்ணியில படிக்க என்னக்கா இருக்கு? குழாயைத் திறந்தா வரும், மூடினா நிக்கும்" என்றேன். மற்றவர்களாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்கள். அவர் நடந்துகொண்டே யோசித்தார்.

"குளம்னா வெறும் தண்ணி இல்லம்மா. அதுல என்னென்ன உயிர் இருக்கு, அதைப் பத்தி ஜனங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு, அங்கே வந்து யார் யாரோட பேசுறாங்க, இது மூணும் சேர்ந்தாத்தான் குளம்."

இப்படிப் பேசுகிறவருக்கு ஒரு நிறுவனம் வேலையும் கொடுத்தது. நகரத்தில் இருக்கிற குளம், ஓடை, கால்வாய் ஒவ்வொன்றையும் சுற்றி நடந்து பார்த்து, வரைபடத்தில் வண்ணப் புள்ளி ஒட்ட வேண்டும். பறவை, மீன், கோரைப்புல் இருக்கும் இடத்துக்குப் பச்சை. பழைய கதை, பழக்கவழக்கம் உள்ள இடத்துக்கு மஞ்சள். மனிதர்கள் நின்று, உட்கார்ந்து, கூடிப் பேசும் இடத்துக்குச் சிவப்பு. நடப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

அப்படிச் சுற்றிச் சுற்றி, கடைசியில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் குளமே அவர் கைக்கு வந்தது. ஒரு காலத்தில் சாயப்பட்டறைக்குத் தண்ணீர் கொடுத்த குளம் அது. பட்டறை போய்விட்டது, தொழிலாளர்கள் கை கழுவிய கரைக்கற்களில் இன்னும் நீலக்கறை இருக்கிறது. நாலு பக்கமும் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. வெயில் காலத்தில் நாற்றம், மற்ற காலத்தில் கொசு. நான் அந்தப் பக்கமே போகாமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன். நகராட்சி அதை மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கப் போகிறது என்று கேள்விப்பட்டபோது, ஒழியட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். ஜனங்கள் புழங்கும் குளம் என்று ஆய்வில் தெரிந்தால் மூட மாட்டார்கள். யாரும் எட்டிப் பார்க்காத குளம் என்றால் மண்ணைக் கொட்டிவிடுவார்கள்.

நாத்தனார் அந்தக் குளத்தின்மேல் உயிரையே வைத்தார். எத்தனையோ நீர்நிலைகளை அளந்தவர், இதற்கு மட்டும் ஏன் இப்படித் தவிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதையே காப்பாத்த முடியலைன்னா, நான் எதுக்கு ஊரெல்லாம் சுத்தினேன்?" என்றார். அதைச் சொல்லும்போது ஒரு கணம் நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் குதிகால் வலி வந்து சேர்ந்தது. மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொன்னார். இவரா எடுப்பார்? நொண்டிக்கொண்டே குளத்தைச் சுற்றினார். பார்க்கச் சகிக்கவில்லை. எரிச்சலில், பின்கட்டில் கிடந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக் கையில் கொடுத்தேன். "நடுநடுவுலயாவது இதுல உட்காருங்க. நீங்க படுத்துட்டா நான்தான் சுடுதண்ணி வெச்சு ஒத்தடம் கொடுக்கணும்."

வடக்கு மூலையில் ஒரு வாதுமை மரம். அதன் நிழலில் நாற்காலியைப் போட்டார். ஒரு சுற்று போவார், வந்து உட்காருவார், மறுபடி சுற்றுவார். உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாராவது சும்மா விடுவார்களா? முதலில் இஸ்திரி போடுகிறவர் வந்து, வீடு இடிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்களா என்று விசாரித்தார். பிறகு முட்டிவலி டீச்சர் வந்தார். அவர் ஓய்வு பெற்றவர்; முட்டிவலியைப் பற்றி ஒரு மணிநேரம் பேசக்கூடியவர். பிறகு 'ரேடியோ' என்று எல்லோரும் கூப்பிடும் காவலாளி. அவர் வாயைத் திறந்தால் மூடுகிற பொத்தான் கிடையாது. ஆளுக்கொரு முக்காலி, பழைய பாய், கவிழ்த்துப் போட்ட வாளி என்று கொண்டுவந்து போட்டார்கள். அந்த நீலக்கறைக் கதை, எந்தக் கல்லின் அடியில் ஆமை இருக்கிறது என்பது, எல்லாம் அங்கேதான் கிடைத்தது. வீட்டுக்கு வரும்போது நாத்தனாரின் முகம் பிரகாசமாக இருக்கும். "இன்னிக்கு எவ்வளவு பேர் வந்தாங்க தெரியுமா?" என்பார். நொண்டல்கூடக் குறைந்திருந்தது.

கடைசியில் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் வரைபடத்தை விரித்தார். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். குளத்தைச் சுற்றிப் பச்சை அங்கங்கே, மஞ்சள் கல்வரிசையில், சிவப்பு இங்கொன்றும் அங்கொன்றும். வடக்கு மூலைக்கு வந்ததும் சிவப்பு மேல் சிவப்பு. ஒட்டிக்கொண்டே வந்தவரின் கை பாதியில் நின்றது. மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். திரும்பி வந்து அந்த மூலையில் விரலை வைத்தார்.

"இது நான்," என்றார்.

"எது?"

"இந்தச் சிவப்பெல்லாம். இங்கே முன்னாடி யாரும் கூடுறதில்லை. நான் உட்கார்ந்தேன், அதனால வந்தாங்க. குளத்தைப் பாக்குறேன்னு சொல்லிட்டு என் நாற்காலியைத்தான் இத்தனை நாளா எண்ணிட்டிருந்திருக்கேன்."

முகத்தில் ஈயாடவில்லை. அளக்கப் போகிறவர் ஓரிடத்தில் தங்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் பால பாடமாம். ஜென்மத்தில் ஓரிடத்தில் தங்காத பெண், ஒரே ஒருமுறை தங்கி, அதுவும் நான் கொடுத்த நாற்காலியில் தங்கி, இப்படி மாட்டிக்கொண்டார்.

"யாருக்குக்கா தெரியப் போகுது? விடு," என்றார் என் கணவர்.

"எனக்குத் தெரியுமேடா."

மறுநாளே போய்த் தன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் நியாயமானவர். அந்த மூலையை மறுபடி பார்க்க வேண்டும், ஆனால் நீயும் உன் நாற்காலியும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது, வேறு ஆள் எதிர்க்கரையில் நின்று பார்ப்பார், அந்தப் புள்ளிகளை வைத்தே முடிவு செய்வோம் என்றார். அனுப்பப்பட்டவர் நெட்டையான ஒருவர். யாரோடும் பேசமாட்டார்.

அதன்பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. நாத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். கால் ஓடிக்கொண்டேதான் இருந்தது. மாடிப்படி ஏறுவார், இறங்குவார். என் மளிகை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தார். உப்பு என்று நினைத்துச் சர்க்கரையைப் போட்டுச் சமைத்தேன். ஜன்னலிலிருந்து குளம் தெரியாது. தெரிந்திருந்தால் ஜன்னல் கம்பியைப் பிடுங்கியிருப்பார். நான் கடையிலிருந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"அந்த வழியா வந்தியா?"

"நான் எப்பவுமே அந்தப் பக்கம் வர்றதில்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"நாளைக்கு வா. ஒரு பார்வை பாத்துட்டு வந்து சொல்லு. நீ இந்தத் தெரு ஆள்தானே, உனக்குத் தடை இல்லை."

தலையைத் தின்றுவிட்டார். அவருடைய நடை நிற்பதற்காகவே அந்த வழியாக வந்தேன். அங்கே இஸ்திரிக்காரரும் டீச்சரும் நின்றுகொண்டிருந்தார்கள். தரையில் நாற்காலிக் கால்கள் பதிந்த நாலு குழி. "உங்க நாத்தனார் எங்கேம்மா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன். வீட்டில் வந்து சொன்னதும் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னைத் தேடித்தான் வந்திருக்காங்க. அப்போ அதுவும் நான்தான். அது கணக்குல சேராது."

அடுத்து மழை பிடித்துக்கொண்டது. வடக்கு மூலையில் ஈ காக்கை இல்லை. நெட்டை மட்டும் எதிர்க்கரையில் குடையோடு நின்றார். நாறும் குளம் போனால் எனக்கென்ன என்று இருந்தவள், வெறும் மரத்தடியைப் பார்த்து நொந்துபோனேன். மழை விட்ட அன்று காலையில் யாருக்கும் தெரியாமல் நீல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்தது.

"உள்ளே வை."

"நான் உட்காரப் போறேன்க்கா. நான் இந்தத் தெருக்காரி. நானும் ஜனம்தானே?"

"நீ தண்ணியைப் பாக்கப் போகலை. எனக்காகப் போறே. உள்ளே வை." குரல் உயரவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. நான் நாற்காலியைப் பின்கட்டில் போட்டுவிட்டு, அன்று முழுக்க வாடிக்கையாளர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

அன்று சாயங்காலம் குளக்கரைக்குப் போனபோது மரத்தடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. இஸ்திரிக்காரரும் ரேடியோவும் ஆமைக்கு எத்தனை வயது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வாளியின் மேல் உட்கார்ந்து நடுவராக இருந்தார். இரட்டைக் குழந்தைகளோடு நான் பார்த்தேயிராத ஒரு பெண் நீலக்கல்லில் உட்கார்ந்து நீர்க்காகம் முங்குவதை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அதன்பிறகும் தினமும் போனேன். தினமும் யாராவது இருந்தார்கள். புதிய முகங்களும் சேர்ந்தன. என்னைப் பார்த்து வாங்க என்றார்கள், தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். என் நாத்தனாரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு மூக்கு விடைத்தது. அந்த மனுஷி உங்களுக்காக வீட்டில் சிறைப்பட்டுக் கிடக்கிறாள், எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா என்று கத்தத் தோன்றியது. அடக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் "இருந்தாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஒரு மதியம் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. நாத்தனார் நடந்துகொண்டே பேசினார். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து பேசினார். குளத்தை மூடமாட்டார்கள். வடக்கு மூலைச் சிவப்பு அவர் இல்லாமலே நிலைத்துவிட்டது.

நான் கைதட்டினேன். அவர் என்னையே பார்த்தார்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

இனிப்பாக ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அவர் மறைக்காமல் என்றாரே.

"முதல்ல கேட்டாங்க. அப்புறம் யாரும் கேக்கலைக்கா."

"யாருமேவா?"

"யாருமே."

சிரித்தார். சிரிக்கும்போதே முகம் சுண்டிப் போனது. "அப்படித்தான் இருக்கணும். கேட்டிருந்தாங்கன்னா குளம் போயிருக்கும்," என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் நாற்காலியைக் கழுவினார். "வா, இதை அங்கேயே போட்டுட்டு வந்துடலாம்."

ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். இஸ்திரிக்காரர் "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஆமைச் சண்டையைத் தொடர்ந்தார். டீச்சர் நாற்காலியைப் பார்த்ததும் வாளியிலிருந்து எழுந்து அதில் உட்கார்ந்து முட்டியை நீட்டிக்கொண்டார். நாத்தனார் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். இரட்டைக் குழந்தைகளின் அம்மா அவரைப் பார்த்துவிட்டு, கல்லில் தள்ளி உட்கார்ந்தாள்.

"இங்கே உட்காருங்கம்மா. நீங்க இந்தப் பக்கம் புதுசா?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வாயைத் திறந்தேன். நாத்தனார் என் கையை அழுத்தினார்.

"ஆமாம்மா," என்றார். "இன்னிக்குத்தான் வர்றேன்."

உட்கார்ந்தார். விளக்குகள் எரியத் தொடங்கும் வரை எழுந்திருக்கவே இல்லை.