கோல் என்று கத்தலாமா?

எங்கள் வீட்டில் டிவியில் கோல் விழுந்தால் எல்லோரும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருப்பார்கள், வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார், இங்கே அத்தாவும் அம்மாவும், ஊரில் இருந்தால் தம்பியும், கையைப் பாதி தூக்கியபடி என் பக்கம் திரும்பியிருப்பார்கள். நான் தலையை ஆட்டினால்தான் மீதிக் கை மேலே போகும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

காரைக்குடியில் நான் பெண்களுக்குத் துணி தைக்கிறேன். கடை என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். வெட்டும் மேசை, தையல் மிஷின், டிவி, அத்தாவின் நாற்காலி எல்லாம் அதற்குள்ளேயே. கால்பந்து என் தம்பியால் இந்த அறைக்குள் வந்தது. கண்மாய் வற்றியதும் அங்கே ஆடப் போய், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வருவான். ஆஃப்சைடு என்றால் என்ன என்று ஒருநாள் அவனைக் கேட்டேன். மேசையில் பட்டன்களைப் பரப்பினான். இது கோல்கீப்பர், இது தடுக்கிறவன், பந்தைத் தட்டிவிடுகிற நேரத்தில் அதை வாங்கப் போகிற பட்டன் இந்தத் தடுக்கிற பட்டனைத் தாண்டி நிற்கக் கூடாது, நின்றால் கோல் செல்லாது என்றான். கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. கோட்டைத் தாண்டினால் தப்பு, தாண்டாவிட்டால் சரி, பேச்சுக்கே இடமில்லை. கை கணக்கில் வராது, தோள் வரும் என்றும் சொன்னான். தோள் எங்கே முடிந்து கை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் விழித்தான். ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்கிறவள் நான், அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு வீடியோ நடுவர் வந்தார். வார் என்கிறார்கள். மைதானத்துக்கு வெளியே ஒரு அறையில் சிலர் உட்கார்ந்துகொண்டு, விழுந்த கோலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். ஏதோ இடிக்கிறது என்றால் நடுவரின் காதில் சொல்வார்கள், கோல் போய்விடும். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் நான் டிவி முன்னால் உட்கார்ந்து ஒற்றை ஆளாகக் கத்திக்கொண்டிருந்ததை இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய ஆள் போட்டுவிட்டார்கள்.

தம்பிக்கு அது பிடிக்கவே இல்லை. முன்பெல்லாம் அவன் அணி கோல் போட்டால் அத்தாவை நாற்காலியோடு தூக்குவான். வீடியோ நடுவர் வந்த பிறகு அவனும் குதிக்க எழுந்து, நடுவர் காதில் கை வைக்கிறாரா என்று பார்த்து, பாதியில் நின்றுவிடுவான். அத்தா அதைவிட மோசம். கைதட்டுவதையே தள்ளிப்போட்டுவிட்டார். நடுக்கோட்டில் பந்தை வைத்து மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். அம்மா ஒருத்திக்குத்தான் இதில் லாபம். நடுவர் ஓரத்திலிருக்கும் டிவியைப் பார்க்க ஓடியதை முதல்முறை கண்டபோது, "அவரும் நம்மள மாதிரி டிவி பாக்கத்தான் போறாரா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வீடியோ பார்க்கிறார்கள் என்றாலே டீ போட எழுந்துவிடுவாள்.

தம்பி வளைகுடாவுக்கு ஏசி மெக்கானிக்காகப் போன பிறகும் எங்கள் சண்டை வாட்ஸப்பில் தொடர்ந்தது. ஒரு நூல் பிசகினாலும் பிசகுதான் என்று நான் குரல் பதிவு அனுப்புவேன். அளவு தப்பினால் என் வாடிக்கையாளர்கள் ரவிக்கையை மேசையில் வீசிவிட்டுப் போகிறார்கள், பந்தாட்டத்துக்கு மட்டும் என்ன சலுகை? அவன் ஒருமுறை நிதானமாகப் பதில் அனுப்பினான்.

"தப்பாத் தச்சா பிரிச்சுத் தச்சுக்கிரலாம்க்கா. கத்துனதை எப்படிப் பிரிப்ப?"

பதிலுக்கு இன்னும் கோபமாக ஒரு பதிவு அனுப்பினேன்.

அவன் வேலை பார்க்கிற ஊருக்கே உலகக் கோப்பை வந்தது. அங்கே அவனோடு அறையில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் டிக்கெட்டுக்கு முயன்றதில் அவனுக்கு மட்டும், ஒரே ஒரு ஆட்டத்துக்குக் கிடைத்தது. அதுவும் அவன் சிறு வயதிலிருந்து தூக்கிவைத்துக் கொண்டாடும் அணி. எந்த அணி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். டிக்கெட் வந்த அன்று போனில் அழாத குறைதான். அவனுடைய அணி ஜெயிக்க வேண்டும் என்றுகூட அவன் கேட்கவில்லை. மைதானத்தில் நின்று ஒரே ஒரு தடவை கோல் என்று வாய்விட்டுக் கத்த வேண்டும், அது போதும் என்றான். கோலே விழாமல் போய்விடுமோ என்று ஒரு பயம், விழுந்து வீடியோவில் போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"அன்னைக்கு மட்டும் உன் ஆளு லீவு போட்டா நல்லாருக்கும்க்கா" என்றான். என் ஆள் என்பது வீடியோ நடுவர்.

ஆட்டத்தின்போது போன் செய்யவே கூடாது என்று அவனிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். எங்கள் டிவிக்கு ஆட்டம் இன்டர்நெட் வழியாக வருகிறது. மைதானத்தில் நடப்பது இங்கே வந்து சேர அரை நிமிடமாவது ஆகும். அவன் அங்கிருந்து கத்தினால் எங்களுக்கு என்ன சுவாரஸ்யம் மிஞ்சும்?

அன்று மாலை அத்தா மஃரிப் தொழுதுவிட்டு நேராக நாற்காலிக்கு வந்தார். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அம்மா டிவியை ஒட்டிப் போய் நின்று மகனைத் தேடினாள். எல்லோரும் ஒரே கலரில் சட்டை போட்டிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அலுத்துக்கொண்டாள். கல்யாண வீட்டுக்கு ரவிக்கை வாங்க மானகிரியிலிருந்து வந்த ஒரு அம்மாவும், நான் கொக்கி வைத்துத் தரட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கோல் விழுகிற வழியைக் காணோம். கடைசிப் பத்து நிமிடமும் வந்துவிட்டது. தம்பியை நினைத்துக்கொண்டே தைத்ததில் கொக்கியை இடம் மாற்றி வைத்துப் பிரித்தேன்.

அப்போது போன் அடித்தது. திட்டுவதற்குத்தான் எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து "அக்கா, அக்கா" என்று அவன் குரல், பிறகு "கோல்" என்று இழுத்து ஒரு கத்தல். ஸ்பீக்கரில் போட்டேன். போட்டுட்டாங்களா என்று அத்தா பாதி எழுந்தார்.

அம்மா டிவியைக் காட்டினாள். "எங்க? பந்து இன்னும் இங்குட்டுத்தான கிடக்கு?"

உண்மைதான், எங்கள் டிவியில் கோல்கீப்பர் சாவகாசமாகப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எங்களுக்கும் அது வந்தது. ஒரு நீளமான உதை, ஒருவன் ஓட்டமாக ஓடி வாங்கினான், வலை குலுங்கியது. அத்தாவும் அம்மாவும் என் முகத்தைப் பார்த்தார்கள். மானகிரி அம்மாவும் அவர்களைப் பார்த்து என்னைப் பார்த்தார். பந்து கிளம்பியபோதே எனக்கு மனசுக்குள் நெருடியிருந்தது. நடுவர் காதில் கை வைத்தார்.

மறுபடி போட்டுக் காட்டினார்கள். பந்தைத் தட்டிவிட்ட அந்தக் கணத்தில் படம் நின்றது. ஓடியவனின் கால் பின்னால்தான் இருந்தது, இடுப்பும் சரி. ஆனால் ஆள் முன்னால் சாய்ந்திருந்தான். தடுக்கிறவனைத் தாண்டி அவன் தோள் நீட்டிக்கொண்டிருந்தது. அதிகமில்லை, ரவிக்கையின் ஓரத்தை மடித்துத் தைக்க விடுகிற துணி அளவு. கை இல்லை, தோளேதான். அந்த இடத்தை நான் தினமும் அளக்கிறேன், எனக்கா தெரியாது? அத்தாவைப் பார்த்து மெதுவாகத் தலையை அசைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. டீ போட எழவில்லை.

மானகிரி அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கோல்தான் போட்டாச்சுல்ல, பிறகு என்ன யோசனை பண்ணிக்கிட்டு இருக்காக? நான் பஸ்ஸப் பிடிக்கணும்ல."

போனில் தம்பியின் குரல் இப்போது கொஞ்சம் தணிந்திருந்தது. அவனைச் சுற்றி இன்னும் பாட்டும் தாளமும் கேட்டன. "அக்கா, ஏதோ செக் பண்றாங்களாம். இங்க எங்களுக்கு ஒண்ணும் காட்ட மாட்டேங்குறாங்க. உனக்கு டிவியில தெரியும்ல? சொல்லுக்கா, கோல்தானே?"

அத்தனை ஆசைப்பட்டு மைதானத்துக்குள் போய் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. காரைக்குடியில் ஊசியோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆஃப்சைடு விஷயத்தில் அதுவரை நான் யாருக்கும் ஒரு நூல் விட்டுக்கொடுத்ததில்லை. அவனுக்குப் பிறந்தநாள் என்றாலும் தப்பு தப்புதான் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். சொல்ல வாயைத் திறந்தேன். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. மனசு வரவில்லை.

"இங்கயும் இன்னும் ஒண்ணும் காட்டலடா" என்றேன். "நீ பாட்டுக்குக் கத்து."

வேறு எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. கத்தினான். பக்கத்தில் நின்றவர்களிடம் போனை நீட்டினான் போலிருக்கிறது, யாரோ ஒரு ஆள் எனக்குத் தெரியாத பாஷையில் என்னிடம் கத்தினார். நானும் பதிலுக்குக் கோல் என்று கத்தினேன். நடுக்கோட்டில் பந்து வைக்காமல் கைதட்டாத அத்தா நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்தினார். அம்மா மகன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மானகிரி அம்மாவுக்கு ஒருவழியாக முடிவு கிடைத்துவிட்டது என்ற நிம்மதி, அவரும் சேர்ந்துகொண்டார். கோல் இல்லை என்று தெரிந்த மூன்று பேரும் தெரியாத ஒருவரும் அந்த முன்னறையில் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தியதில்லை.

பிறகு போனில் இரைச்சல் அடங்கியது. யாரோ ஒலியைக் குறைத்த மாதிரி இருந்தது. டிவியில் நடுவர் இன்னும் காதில் கையோடு நின்றுகொண்டிருந்தார், கோல் போய்விட்டது என்ற செய்தி எங்களுக்கு அவருக்கு முன்னாலேயே போனில் வந்துவிட்டது. தம்பி போனை வைத்துவிட்டான். மானகிரி அம்மா ரவிக்கையை வாங்கிக்கொண்டு, என்னவோ நம்பி ஏமாந்த முகத்தோடு பஸ்ஸுக்குப் போனார்.

ஆட்டம் கோல் இல்லாமலே முடிந்தது. வீடியோ நடுவர் சொன்னது சரிதான், அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனாலும் அன்று துணியை எடுத்து மிஷினில் வைக்கக் கை ஓடவில்லை. பொய் சொல்லி அவன் ஏமாற்றத்தை இன்னும் பெரிதாக்கிவிட்டேனோ என்று குற்ற உணர்ச்சியாக இருந்தது.

அறைக்குத் திரும்பும் வழியில் அவனே கூப்பிட்டான். தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது.

"அக்கா, நீ அப்பவே பாத்துட்டேல்ல?"

"பாத்துட்டேன்."

"தோளா?"

"தோள்தான்."

"பிறகு ஏன் சொல்லல?"

"நீ கத்திக்கிட்டு இருந்தியேடா."

அந்தப் பக்கம் கரகரவென்று ஏதோ சத்தம் கேட்டது. கட்டின தொண்டையோடு சிரிக்கிறான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"நல்லாக் கத்துனேன்ல?" என்றான்.