கப்பலுக்கு ஏற்றிய கூண்டும் என் குறுவையும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடலூர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் குமராட்சியில் என் வயல் மூழ்கியே தீரும் என்று நம்பியவன் நான்.

சென்ற மாதம் கடலூருக்குப் போன இடத்தில் அந்தக் கூண்டைக் கண்டேன். போன காரியம் என்ன? மறந்தே போயிற்று. அடுத்த ரயிலில் சிதம்பரம்; அங்கிருந்து மாட்டு வண்டியில் குமராட்சி. வழியெல்லாம் வண்டிக்காரனுக்குப் பிரளயத்தை வர்ணித்தேன். மாடுகளே மிரண்டிருக்கும்!

அங்கே என் மனைவியின் தம்பி கலியபெருமாள். கொள்ளிடக் கரையில் அளவுக்கல்லைப் பார்த்துத் தினமும் தண்ணீர் மட்டம் எழுதுவது அவன் உத்தியோகம். அதோடு விட்டானா? மேற்கே எங்கே எவ்வளவு மழை, அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேர எத்தனை மணி நேரம் என்று வருஷக்கணக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். வேலையற்றவன் வேலை — இது என் அபிப்பிராயம்.

“மச்சான், ஆளக் கூப்புடு. இன்னிக்கே அறுத்துடணும். கூண்டு ஏத்திட்டான்!”

“அது கப்பலுக்கு ஏத்துனது மாமா. ஒங்க நெல்லு என்னா கப்பல் ஏறவா போவுது?” நோட்டைப் புரட்டினான். “மேக்க மழையே இல்ல. ஆறு ஒரு அங்குலம் ஏறல. கதிரு பச்சையா நிக்கிது. பத்து நாளு பொறுங்க.”

ரேஷன் காலம். வீட்டில் ஆறு பேர் சாப்பிட வேண்டிய நெல். பொறுப்பேனா? “ஒன் நோட்டப் பாத்துட்டா ஆறு வரும்?” என்று அவனைக் கேலி செய்துவிட்டு, நானே ஆள் பிடித்து மாலைக்குள் அறுத்தேன். அடித்துப் பார்த்தால்... பாதிக்கு மேல் அரிசி பிடிக்காத கருக்காய். மிச்சத்தைக் குத்தினால் நொய்.

புயல்? வடக்கே எங்கேயோ போய்விட்டது.

நம் புத்தியே இப்படித்தான். பயப்படு என்று எவன் சொன்னாலும் கைகட்டிக் கேட்போம். பயப்படாதே என்று கணக்குக் காட்டுகிறவனிடம் மட்டும் சாட்சி கேட்போம்!

பதினோராம் நாள். வானம் பளிச்சென்று இருந்தது. வயலில் வைக்கோல் காயவைத்துக்கொண்டிருந்தேன். கலியபெருமாள் கரைமேல் சைக்கிளில் கத்திக்கொண்டே போனான்.

“மேக்க கொட்டித் தீத்திருக்கு! விடியறதுக்குள்ள தண்ணி இங்க நிக்கும். எல்லாரும் இப்பவே அறுங்க!”

“இந்த வெயில்லயா வெள்ளம்?” என்று சிரித்தேன்.

“ஒங்களுக்கு என்னா மாமா... வெள்ளம் அடிச்சிக்கிட்டுப் போவ ஒங்க வயல்ல என்னா இருக்கு?”

ஊரே இறங்கி அறுத்தது. இருட்டுவதற்குள் நெல் மேட்டுக் களத்துக்கு ஏறிவிட்டது.

மறுநாள் காலை வயல்களில் இடுப்பளவு தண்ணீர். குமராட்சியில் நிலம் வைத்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் இந்த வருஷம் நான் ஒருவன்தான்.