காப்புக் கட்டிய கை

ஆத்தாளை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் மனைவி வசந்தா இன்று உயிரோடிருப்பது மாரியாத்தா போட்ட பிச்சை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். பாதியை மறைத்தால் அது சாட்சி ஆகாது.

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம் வசந்தா குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். இடது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுக் கட்டிலோடு வீட்டுக்கு வந்தாள். ஐம்பத்தொரு வயதுதான். அதுவரை என் சட்டையைக்கூட அவள்தான் எடுத்து வைப்பாள். அவளை அந்தக் கோலத்தில் பார்க்க முடியாமல் நான் வாசலில் போய் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் எஸ்டேட் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பதினேழு வருடமாகத் தீ மிதிக்கிறேன். தோட்டத்தை விட்டுக் கோலசிலாங்கூர்ப் பக்கம் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வருடம் தவறியதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. வழக்கமாக இருபத்தொரு நாள் விரதம். இந்தத் தடவை ஆத்தாளிடம் போய், "வசந்தாவ எழுப்பி விடு தாயே, நாற்பத்தெட்டு நாள் இருக்கேன்" என்று வேண்டிக்கொண்டேன். முதல் நாளே பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். காப்புக் கட்டிய கை தீட்டைத் தொடக் கூடாது. இது உங்களுக்கும் தெரியும்.

நான் பாசிர் பெனம்பாங்கில் மீன் லோரி ஓட்டுகிறவன். விரதத்தில் மீனைத் தொட முடியாது என்று முதலாளி தவுக்கேயிடம் லீவு கேட்டேன். கொடுத்தார். ஆகவே அந்த நாற்பத்தெட்டு நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். இதை மறந்துவிடாதீர்கள். வேலைக்குப் போய்விட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அடுத்த தெருவில் இருக்கும் என் அக்கா காலை ஏழு மணிக்கு வந்து வசந்தாவுக்கு டயப்பர் மாற்றுவார், துடைப்பார், போவார். மாலை ஆறு மணிக்கு மறுபடி வருவார். இடையில் பதினோரு மணி நேரம் வசந்தா மல்லாந்து கிடப்பாள். நான் சாமி அறையில் உட்கார்ந்து போற்றி சொல்வேன். அவள் அறைக்குள் கால் வைக்க மாட்டேன். வாசற்படியில் நின்று திருநீற்றை அவள் பக்கமாக ஊதுவேன். சாப்பாட்டை அக்கா கட்டிலருகே வைத்துவிட்டுப் போவார். வலது கையால் அவளே எடுத்துச் சாப்பிட வேண்டும். வீட்டில் கவுச்சி கூடாதென்று அவளுக்கும் முட்டை, மீன் எல்லாம் நிறுத்திவிட்டேன். ரசமும் மோருமாகப் போனது.

மூன்றாவது வாரம் அக்கா சொன்னார், "தம்பி, இடுப்புக்குக் கீழ செவப்பா இருக்குடா. அழுத்தினாலும் மாற மாட்டேங்குது. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா சாச்சிப் படுக்க வெச்சா நல்லது லா."

"ஆத்தா பாத்துக்குவாக்கா" என்றேன்.

அதற்கும் பிறகு அறையிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்தது. அது என்ன வாடை என்று உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். நான் சாம்பிராணியைக் கூடுதலாகப் போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

நாற்பத்தோராவது நாள் காலையில் வசந்தாவுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அக்கா ஆம்புலன்சைக் கூப்பிட்டார். வார்டில் டாக்டர் பார்த்துவிட்டு, புண் எலும்பு வரை போயிருக்கிறது, கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம், உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார்.

கட்டுப் போட வந்த நர்ஸ் மிஸி நம் தமிழ்ப் பெண். மகள் வயதுதான் இருக்கும். கூட வர வேண்டியவர் வேறு நோயாளியிடம் இருந்தார். அவள் திரையை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், கையக் கழுவிட்டு இந்தப் பக்கம் வாங்க. ஆன்ட்டியச் சாச்சிப் புடிக்கணும்."

நான் மஞ்சள் கயிற்றைக் காட்டினேன். "விரதம், மிஸி."

அவள் பதில் சொல்வதற்குள் வசந்தா வாயைத் திறந்தாள். காய்ச்சலில் கண்ணே திறக்கவில்லை. குழறிக் குழறிச் சொன்னாள்.

"தொடாதீங்க. காப்பு கட்டியிருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் ஏன் இத்தனை நாள் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை? அக்காவிடம்கூட, "அவருகிட்டச் சொல்லாதீங்க அண்ணி, விரதம் கலஞ்சிடும்" என்று கெஞ்சியிருக்கிறாள். அதை அக்கா பிறகுதான் சொன்னார். என் விரதத்தை என்னைவிட அவள்தான் ஒழுங்காகக் காத்திருக்கிறாள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் தோளையும் இடுப்பையும் பிடித்தேன். மிஸி பழைய கட்டை எடுத்தாள். என் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. நான் வேறு பக்கம் திரும்பப் பார்த்தேன்.

"பாருங்க அங்கிள். வீட்டுக்குப் போனா நீங்கதான் பாக்கணும். யாரு இவங்களப் பொரட்டிப் போடறது?"

"யாரும் இல்ல மிஸி."

"வீட்ல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் வார்டுக்கு வெளியே நடைபாதையில் நின்று கும்பிட்டேன். அப்படி நான் அதுவரை கும்பிட்டதில்லை. எப்போதும் என் விரதத்தைச் சொல்லித்தான் கேட்பேன். அன்று, "ஆத்தா, என் விரதத்தப் பாக்காத. நான் செஞ்சதையும் பாக்காத. அவ மூஞ்சிய மட்டும் பாரு. இந்தக் கையால அவளுக்குச் செய்ய எனக்கு இன்னொரு வாய்ப்புக் குடு" என்று கேட்டேன்.

பிறகு மிஸியிடம் போய், "எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து லேசாகச் சாய்க்க வேண்டும். குதிகால் மெத்தையில் படக் கூடாது. இழுக்கக் கூடாது, தோல் உரிந்துவிடும். விரிப்போடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்க வேண்டும். ஈரமானதும் உடனே மாற்ற வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. எல்லாம் செய்து காட்டினாள். முட்டையும் மீனும் கொடுக்காமல் புண்ணில் சதை வளராது என்றும் சொன்னாள். மறுநாள் காப்புக் கட்டிய அதே கையால் மீன் ரசம் கொண்டுவந்து ஊட்டினேன். என்னைப் பார்த்தால் பூசாரி என்ன நினைப்பாரோ என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது.

நாற்பத்தெட்டாவது நாள் திருவிழா. பூக்குழி இறங்கும் நேரமும் வசந்தாவைப் புரட்டும் நேரமும் ஒன்றாக வந்தன. காய்ச்சல் அன்றும் விடவில்லை. சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று பயமில்லை என்றால் பொய். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக நான் அங்கே இல்லை. அவளை இடது பக்கம் சாய்த்து, தலையணை வைத்து, விரிப்பின் சுருக்கத்தை நீவி விட்டேன். அப்படியே அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, இன்னிக்கு இதான் என்னால முடிஞ்சது" என்றேன்.

மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் இரத்தப் பரிசோதனை வந்தது. கிருமி குறைகிறது, பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். அந்த நடைபாதையில் நான் தேம்பி அழுததைப் பார்த்து ஒரு மலாய்க்கார அம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

புண் மூட ஐந்து மாதம் ஆனது. இப்போது வசந்தா தலையணை வைத்தால் உட்காருகிறாள். காலையில் நான் செய்துவிட்டுப் போகிறேன், பகலில் அக்கா, மத்தியானத்திலிருந்து மறுபடி நான். தவுக்கே எனக்காக லோரி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். முதல் முறை டயப்பர் மாற்றியபோது வசந்தா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெட்கப்பட வேண்டியவன் நான் என்று சொன்னேன். அவள், "ரெண்டு பேரும் அழுதா யாரு மாத்தறது?" என்றாள். அவள் விழுந்த பிறகு நாங்கள் சிரித்தது அன்றுதான்.

அவள் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறாள். என்னால் இன்னும் முடியவில்லை. பதினேழு வருடம் கூட்டத்துக்கு முன்னால் நெருப்பில் நடந்திருக்கிறேன். இதை எழுதும்போது கூசியதுபோல் ஒருநாளும் கூசியதில்லை.

விரதம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் எழ முடியாமல் கிடக்கலாம். நீங்களும் சாமி அறையில் அழுதுகொண்டிருக்கலாம். நம்பிக் கேளுங்கள். என்னைப் போன்றவன் கேட்டே கொடுத்தவள், உங்களுக்குக் கொடுக்க மாட்டாளா? கேட்பதற்கு முன்னால் மட்டும், உள்ளே போய் அவர் போர்வையை விலக்கி முதுகைப் பாருங்கள்.