இன்னாசிமேரி போட்ட சால்வை

அரசாங்கத்தைத் திட்டுவதில் இன்னாசிமேரியை மிஞ்ச ஆள் கிடையாது. ரெட்டிபாளையம் போகிற ரோட்டோரத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவள். தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே பஞ்சாயத்திலிருந்து டெல்லி வரைக்கும் ஒருவரையும் விட்டுவைக்கமாட்டாள். "எவன் வந்தா என்னங்க, ஆளுக்கு ஆள் சட்டம் மாறுது" என்பாள்.

அப்பேர்ப்பட்டவளே ஒரு மனு எழுதினாள். மகள் சகாய பிரியா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற ரோட்டில்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் தலைதெறிக்கப் பறக்கும். ஒரு நாள் காலையில் லாரி உரசி, பிள்ளை சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து எழுந்து வந்தாள். அன்றைக்கே தாய்க்காரி கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூட நேரத்தில் லாரி ஓடக்கூடாது என்று டவுன் ஆபீஸில் மனுவைக் கொடுத்தாள். எப்படியும் குப்பைக்குத்தான் போகும் என்று முனகிக்கொண்டே பஸ் ஏறினாள்.

போகவில்லை! அடுத்த மாதமே பள்ளிக்கூட நேரத்தில் லாரி வரக்கூடாது என்று போர்டு நட்டார்கள். காலையும் சாயந்திரமும் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். லாரிகளும் நின்றன.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அதுதான் இல்லை. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் சொல்லி இது நடந்தது? சிபாரிசு இல்லாமல் ஒரு ரேஷன் கார்டுகூட வாங்கியறியாத குடும்பம் அது. யாரோ பின்னால் இருக்கிறார்கள், போய் ஒரு நன்றி சொல்லாவிட்டால் கோபத்தில் போர்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தாள். யோசித்து யோசித்து, ஊர்க் கட்சிக்காரன் செல்லதுரைதான் அந்த ஆள் என்று முடிவுகட்டினாள்.

"அவருக்கு எதுக்கும்மா? நீதான எழுதுன?" என்றாள் பிரியா.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சால்வை போட்டாள். போர்டு நட்ட விஷயமே செல்லதுரைக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் சால்வையை வேண்டாமென்று சொல்கிற கட்சிக்காரன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். "நம்ம கடமைம்மா" என்று தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். கூட வந்தவர்கள் எடுத்த படம் எல்லார் போனுக்கும் போனது.

லாரிக்காரர்கள் போனுக்கும் போனது. "அண்ணே, நீங்க நிறுத்துனதுதான, நீங்களே எடுத்துவுடுங்க" என்று அவன் வாசலில் வந்து நின்றார்கள். என்ன பேசினார்களோ, கொஞ்ச நாளில் போலீஸ்காரரைக் காணோம். லாரிகள் பழையபடி பறந்தன.

இன்னாசிமேரி டவுன் ஆபீஸுக்கு ஓடினாள். மத்தியானத்துக்கு மேல்தான் அதிகாரி அம்மாளைப் பார்க்க முடிந்தது.

"லாரி ஓடலன்னா வேலை போயிரும்னு ஊர் சார்பா செல்லதுரை மனு குடுத்துருக்காரும்மா. ஊரே அவர் பக்கம்னு இந்த போட்டோவையும் வச்சிருக்காரு. சால்வை போடறது நீங்கதான?"

அவளேதான், வாயெல்லாம் பல்லாக. பார்க்கப் பார்க்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

"அப்ப மொதல்ல லாரிய நிறுத்துனது யாருங்க?"

"உங்க மனுவப் பாத்துட்டு நாங்கதான். வேற ஒருத்தரும் சொல்லல." அந்த அம்மாள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "மறுபடி எழுதிக் குடுங்க, விசாரிக்கச் சொல்றேன்."

இன்னாசிமேரி தாளை வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இதுக்கு யாரப் புடிக்கணும் மேடம்?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டிருக்கும். பிரியா சைக்கிளை எடுத்துக்கொண்டு இந்நேரம் ரோட்டுக்கு வந்திருப்பாள்.