சோப்பு யார் வாங்குவது?

எனக்கு முதல் வேலை தஞ்சாவூரில், பூச்சிமருந்தும் ஸ்பிரேயரும் விற்கிற ஒரு கம்பெனியில். கெமிஸ்ட்ரி படித்திருந்தேன், கையெழுத்தும் நன்றாக இருக்கும். மருந்து டப்பாவோடு கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. இந்த வேலைக்குப் பிற்பாடு பெரிய பெரிய ஆங்கிலப் பெயர்கள் வந்தன. நானும் அவற்றை விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டேன். அப்போது சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'இதர' என்று இருந்தது.

மெட்ராஸிலிருந்து வந்த ஆங்கில மூலத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் மருந்தைக் கலக்கச் சொன்னால் சொன்னதுதான். தமிழில், யாரைக் கலக்கச் சொல்கிறோம் என்று தெரிந்தாக வேண்டும். 'கலக்குங்கள்' என்று எழுதி மேனேஜரிடம் காட்டினேன்.

"வாங்கறது மிராசுதார். தெளிக்கறது அவரோட ஆள். இந்த 'ங்கள்' யாருக்கு?"

"தெளிக்கறவங்களுக்கு சார்."

"மிராசுதார் படிச்சார்னா, என் ஆளுக்கு நீ ஏன்யா மரியாதை குடுக்கறேன்னு கேப்பார்."

"அப்ப 'கலக்கு'ன்னு போட்டுடலாமா?"

"போட்டா, கூலியாள் சங்கத்துக்காரங்க கம்பெனி வாசல்ல கொடிய நட்டுடுவாங்க."

இரண்டும் நடக்கக்கூடியவைதான். கூலிக்கும் குத்தகைக்கும் ஊர் ஊராகத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். ஆட்சியில் இருந்தவர்கள் மேடைக்கு மேடை எல்லோரும் சமம் என்றார்கள். வயலில் அது இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருந்தது. கடைசியில் 'கலக்கவும்' என்று எழுதினேன். அப்படியே 'தெளிக்கவும்', 'மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளவும்', 'வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவவும்' என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த 'வும்' யாரையும் உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. மேனேஜர் பிரமாதம் என்றார்.

அந்தச் சம்பாப் பருவத்தில் நன்னிலம் பக்கத்து ஊர் ஒன்றில் புகையான் விழுந்தது. நெல்லின் அடித்தூரில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. விட்டால் பயிர் வட்ட வட்டமாகக் கருகிவிடும். அந்த ஊர் மிராசுதார் எங்களிடம் மருந்து வாங்கிப்போனார். இரண்டொரு நாளில் பிரசுரமும் கையுமாக ஆபீசுக்கு வந்து நின்றார்.

"உங்க நோட்டீசப் படிச்சுட்டு ஒருத்தனும் மருந்தத் தொட மாட்டேங்கறான். சோப்பு கேக்கறான் சார், சோப்பு!"

மேனேஜர் என்னைப் பார்த்தார். மிராசுதாரின் காரிலேயே மூன்று பேரும் கிளம்பினோம். கருகிய வட்டங்கள் ரோட்டிலிருந்தே தெரிந்தன.

ஆட்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் பேசியது, தெளிப்பவர்களில் ஒருவரின் மனைவி. எட்டாவது வரை படித்தவர். பிரசுரத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதும் அவர்தான். போன போகத்தில் மருந்தடித்துவிட்டு அந்தக் கையோடு சோறு தின்ற அவர் கணவர், விடிய விடிய வாந்தி எடுத்தாராம்.

"வாய்க்கால்ல தண்ணி ஓடுது. கழுவிக்க வேண்டியதுதானே?" என்றார் மிராசுதார்.

"தண்ணின்னு போடலீங்க. சோப்புன்னு போட்டிருக்கு."

"நான் வாங்கித் தரணும்னு போட்டிருக்கா?"

அந்தப் பெண் பிரசுரத்தை மறுபடி படித்துப் பார்த்தார். "அது போடல," என்று ஒப்புக்கொண்டார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "இத எழுதினது யாருங்க?" என்று கேட்டார்.

மேனேஜர் தாராளமாக என்னைக் காட்டினார்.

"சொல்லுங்க சார். கழுவவும்னு எழுதியிருக்கீங்க. சோப்ப யாரு வாங்கணும்?"

வரப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று நினைத்தேன். அவர் கணவர் அங்கேயே, கைகளைத் தொடையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தெளிக்கச் சொல்றவங்கதான் வாங்கணும்," என்றேன். குரல் சின்னதாக வந்தது.

மிராசுதார் என்னைப் பார்த்தார், பிறகு வயலைப் பார்த்தார். புகையான் இந்தப் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை.

"சரி, வாங்கித் தொலைக்கறேன். துணிக்குப் போடற சோப்புதான்."

"குளிக்கிற சோப்பு வேணுங்க."

"எந்தச் சோப்புன்னு போட்டிருக்கா?"

இருவரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். அதைப் பற்றி ஆங்கிலத்திலும் ஒன்றும் இல்லை என்றேன். துணி சோப்புதான், ஆனால் ஆளுக்கு ஒரு முழுக்கட்டி, அரிந்து கொடுக்கக் கூடாது என்று பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் தெளித்தார்கள். பாதி வயல் தேறியது. மீதி வைக்கோலுக்குக்கூட ஆகவில்லை. மிராசுதார் அதோடு எங்களிடம் மருந்து வாங்குவதை நிறுத்திக்கொண்டார்.

அன்று திரும்பும்போது எங்களுக்குக் கார் கிடைக்கவில்லை. நன்னிலம் வந்து பஸ் ஏறினோம். மேனேஜர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அடுத்த பிரசுரத்துல சோப்ப எடுத்துடுவோமா?" என்றார்.

"எடுத்தா, திரும்ப வாந்தி எடுப்பாங்க சார்."

பஸ் ஒரு ஊர் தாண்டியது.

"அப்ப யாரு வாங்கணும்னு போட்டுடு."

போட்டேன். 'தெளிக்கச் சொல்பவர், தெளிப்பவருக்குச் சோப்பு வாங்கித் தர வேண்டும்.' மிராசுதார்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று கடைக்காரர்கள் சிலர் பிரசுரக் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். நன்னிலம் பக்கத்திலிருந்து சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். மருந்து வேண்டாம், ஊர் ஊராகப் படித்துக் காட்டப் பிரசுரம் மட்டும் போதும் என்றார்கள். அதற்கு விலை வைக்கலாமா என்று மேனேஜர் சாப்பாட்டு வேளை வரை யோசித்தார். பிறகு, இருக்கிற கட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் அச்சடிக்கச் சொன்னார்.