கடைசி வரிக்காரி

கணவரின் அச்சுக்கூடத்தில் அவளுக்கு 'எறும்பு' என்று பட்டம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவள் அடுக்கும் வேகம் அப்படி. இருபத்திரண்டு வருடமாக ஊரார் பெயர்களெல்லாம் அவள் கையால்தான் அச்சேறின. தன் பெயரை மட்டும் எந்தத் தாளிலும் அவள் பார்த்ததில்லை.

ஒருநாள் ஒரு வேலை வந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய விடுதலை அறிக்கையை, ஒரு விழாவுக்காக அதே மாதிரி மறுபடி அச்சிட வேண்டும். அந்தக் காலத்தில் அச்சுக்காரர்கள் எல்லாம் ஜெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ள, ஒரு பெண்தான் அதை அடித்துக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? கடைசி வரியில் தன் பெயரையும் போட்டாள். அம்மாடி, என்ன நெஞ்சழுத்தம்! எறும்புக்கு அந்த வரிமேல் கொள்ளை ஆசை.

விழாக் குழுத் தலைவருக்கும் அந்த இடத்தின் மேல்தான் கண்.

"அந்தம்மா பேரை எடுத்துட்டு என் பேரைப் போடும்மா. அவங்களை இப்ப யாருக்குத் தெரியும்?" என்றார்.

எறும்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயை மூடினால் வில்லங்கம் என்று கணவருக்குத் தெரியும். அவர் மெல்ல டீ குடிக்க நழுவிவிட்டார்.

மறுநாள் தலைவர் பார்வையிட வந்தார். இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கியிருந்த எழுத்துகள், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி நின்றன.

"ஒரு தாள் அடிச்சுக் காட்டட்டுமா சார்? பழகாதவங்களுக்கு இது படிக்க வராது."

"யாருக்கு, எனக்கா? நான் பார்க்காத அச்சா?"

குனிந்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். கடைசியில் முகம் மலர்ந்தார்.

"பிரமாதம்! என் பேரு ஜம்முனு இருக்கு."

ஒப்புதல் சீட்டில் கையெழுத்தும் போட்டார். சிரிப்பை அடக்க எறும்பு பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்!

விழாவில் முதல் தாளைத் தூக்கிப் பிடித்ததும் தலைவருக்குப் பேயறைந்தது போலாயிற்று. கடைசியில் அந்தப் பழைய அச்சுக்காரியின் பெயர்தான் இருந்தது.

"என்னம்மா இது?" என்று பல்லைக் கடித்தார்.

"நீங்க வரி வரியாப் படிச்சுக் கையெழுத்துப் போட்டதுதான் சார். படிக்க வரலைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று எறும்பு சத்தமாகவே கேட்டாள். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தலைவர் சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அவங்க பேரு இருந்தே ஆகணும்னு நான்தான் சொன்னேன்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவரும் சேர்ந்து தட்டினார்.

கணவர் மட்டும் ஒரு தாளை மூக்கருகே கொண்டுபோனார். பழைய பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் இன்னொரு வரி: 'மறுபடி அச்சிட்டவள்' என்று இவள் பெயர்.

"அடிப்பாவி, இதுவுமா?"

"அதையும் அவருதாங்க படிச்சுப் பார்த்தாரு" என்றாள் எறும்பு. சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. தாளை அவர் கையிலிருந்து வாங்கி, தன் பெயரை இன்னொரு தரம் படித்தாள்.