கிராணியின் பின்சக்கரம்

நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. அதுவும் தோட்டத்துப் பள்ளிக்கூடம். வாத்தியார் பாதி நாள் ஸ்டோரில் ரப்பர் பால் அளக்கப் போய்விடுவார். ஆனால் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றினால் போதும், அதன் வயிற்றுக்குள் எந்தப் பக்கத்து இரும்புக் குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பிற்பாடு மலாக்கா டவுனில் நான் வைத்த கடைக்குத் தஞ்சோங் கிளிங்கிலிருந்தெல்லாம் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். இதை எவனும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மெர்லிமாவ் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே வண்டி கழற்றுவதை எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பேன். அவன் துரத்துவான். நான் நாலடி தள்ளி நின்று பார்ப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு.

இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும் அல்லவா.

ரப்பர் விலை விழுவதற்கு முந்தின காலம் அது. மெர்லிமாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி புல் வெட்டப் போவாள். லாலான் புல், வேர் விட்டால் விடாது. குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுக்க வெட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகள் அவள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. இரண்டும் புல்வெட்டில் போனவைதான். மூன்றாவது உண்டானபோது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அவளைக் குனிய விடாதே என்றார். சொல்வது சுலபம். வேலைக்கு வராத பெண்பிள்ளைக்குத் தோட்டம் கொடுத்த லயத்தில் வீடு எதற்கு என்று கங்காணி கேட்பான்.

அந்தச் சமயத்தில் தப்பால்காரர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். தினமும் சைக்கிளில் மெர்லிமாவ் போய் ஆபீஸ் கடிதங்களைக் கொண்டுவருகிற வேலை. தப்பால்காரருக்கு ஆபீசுக்குப் பின்னால் தனி அறை உண்டு. அவர் மனைவியைக் காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்கு வா என்று யாரும் கூப்பிடுவதில்லை. எனக்கு அந்த அறை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

தோட்டத்து ஆபீஸ் கணக்கு வழக்கைப் பார்க்கும் பெரிய கிராணிக்கு என்னைத் தெரியவந்தது ஒரு தப்பினால்தான். தோட்டத்து ரோட்டில் கிராணியோ வெள்ளைக்காரத் தொரையோ தென்பட்டால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். என்னுடையது எப்போதோ ஒரு மலாய்க்காரரிடம் வாங்கிய ஓட்டை வண்டி. இருந்தாலும் குண்டுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் அப்பி வைத்திருந்ததால் சத்தமே போடாது. ஒரு வளைவில் அவர் பின்னால் நான் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. நான் குதித்து இறங்கியபோதுதான் திரும்பினார். அறைவார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து என் சக்கரத்தைப் பார்த்தார். அவருடைய சைக்கிள் புத்தம் புதுசு, சீமையிலிருந்து வந்தது. அது ஒரு வாரமாக அம்மி அரைப்பதுபோல் அரைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார். வண்டியைச் சரிசெய்தால் தப்பால் வேலைக்குத் தொரையிடம் என் பெயரைச் சொல்வதாக அவர் வாயாலேயே சொன்னார்.

ஆபீஸ் வராந்தாவில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினேன். கீழே வெள்ளைத் துணி விரித்தேன். குண்டு உருண்டு புல்லுக்குள் போனால் போனதுதான். முன்சக்கரம் நன்றாக இருந்தது. பின்சக்கரத்தின் அச்சைத் தளர்த்தி, குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற கோனைத் திருகி எடுத்தபோது உள்ளே எண்ணெய் இல்லை, கிரீஸ் இல்லை. காய்ந்த சந்தனமும் விபூதியும் சேர்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. நடுவில் குங்குமச் சிவப்பு.

பார்த்ததும் விளங்கிவிட்டது. போன வாரம் ஆயுத பூஜை. தராசு, டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது கிராணி தம் சைக்கிளையும் குளிப்பாட்டி, பட்டை போட்டுப் பூஜை செய்திருக்கிறார். சக்கரத்தின் நடுக்குடத்தில் எண்ணெய் விடுவதற்கு ஒரு துளை இருக்கும். அதன் மூடி எங்கேயோ விழுந்துவிட்டது. அதைச் சக்கரத்தின் நெற்றி என்று நினைத்தாரோ என்னவோ, சரியாக அந்தத் துளையிலேயே பொட்டை வைத்து அழுத்தியிருக்கிறார். மேலே தீர்த்தம் வேறு.

பக்கத்துக்கு ஒன்பது, பதினெட்டுக் குண்டும் பள்ளம் விழுந்துவிட்டன. கோனும் கீறிப்போயிற்று. மெர்லிமாவில் புதுசு வாங்கிவரலாம். ஆனால் அதற்குள் வேறொருத்தன் வேலைக்கு வந்து நின்றால்? என் வண்டியைக் கொண்டுவந்து கழற்றி, அதன் குண்டுகளையும் கோனையும் இதில் போட்டேன். கோனை இறுக்கினால் சக்கரம் திணறும், தளர்த்தினால் ஆடும். நடுவில் ஒரு மயிரிழை இடம்தான் உண்டு. அதைப் பிடித்தேன். விட்ட சக்கரம் சுற்றி ஓய்ந்து, காற்றடிக்கும் மூக்கின் கனத்துக்கே தானாக இரண்டு தரம் முன்னும் பின்னும் ஆடி நின்றது. அப்படி ஒரு சக்கரத்தை அந்தத் தவுக்கேயும் செய்திருக்க மாட்டான்.

அந்த நேரம் பார்த்துத் தொரை வந்தார். தொரைக்குத் தமிழ் வரும். சக்கரம் சுற்றுவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, என்ன கோளாறு என்று என்னைக் கேட்டார்.

கிராணி ஐயா என் பக்கத்தில்தான் நின்றார். எண்ணெய் காய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தூசி என்று சொல்லியிருக்கலாம். நான் துணியில் கிடந்த கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"எண்ணெய் போடுற ஓட்டையில திருநீறு போட்டிருக்காங்க தொரை. வண்டியப் பத்தித் தெரியாத ஆளு செஞ்ச வேலை."

தொரை கட்டியை முகர்ந்து பார்த்தார். சந்தன வாசனை இன்னும் இருந்தது. கிராணியைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆபீசுக்குள் இருந்த சின்னக் கிராணிகளும் சிரித்தார்கள். பெரிய கிராணியும் சிரித்தார். தொரை என் தோளில் தட்டிவிட்டுப் போனார். வேலை கிடைத்துவிட்டது என்றே வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

அடுத்த வாரம் தப்பால் வேலையைக் கங்காணியின் மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனுக்குச் சைக்கிளே ஏறத் தெரியாது. தொரை என் பெயரைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, தொரை கேட்கவில்லை. சிரித்ததோடு மறந்துவிட்டார்.

நான் கிராணியிடம் போய்க் கேட்டேன். அவர் கோபமே படவில்லை.

"நீ கெட்டிக்காரன்டா. தொரையே பாத்துட்டாரு. இப்படிப்பட்ட கையைக் கடிதாசு தூக்க விடலாமா? அது மரத்துலதான் இருக்கணும்."

என் குண்டுகளையாவது திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.  அன்று பேசிய வாய் இன்றைக்கு வரவில்லை.

அவள் புல்வெட்டுக்குப் போனாள். ஆறாம் மாதம் மேட்டு நிரையில் வெட்டிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்துவிட்டாளாம். நான் பால் வாளியோடு ஸ்டோரில் நின்றபோது ஆள் வந்து சொன்னது. மூன்றாவதும் தங்கவில்லை. அதற்குப் பிறகு உண்டாகவே இல்லை.

விலை விழுந்ததும் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்துக் கப்பலேற்றினார்கள். நான் ஏறவில்லை. என் ஸ்பானர்களோடும் மனைவியோடும் டவுனுக்கு நடந்தேன். மரத்தடியில் ஆரம்பித்து, இரண்டு வருஷத்தில் கூரை போட்டு, நாலு வருஷத்தில் பலகை வைத்த கடை. யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை.

வண்டி பார்க்க வருகிறவர்களிடம் இந்தக் கதையை அடிக்கடி சொல்வேன். கிராணி தப்பால் வேலை தருவதாகச் சொன்னார், கட்டியை நீட்டினேன், தொரை சிரித்தார், கிராணி முகம் கறுத்தது. கடைசியது நான் கூட்டிச் சொல்வது. அத்தோடு நிறுத்திவிடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். கடைக்குப் பின்னால் என் மனைவி அடுப்பு வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொல்வதெல்லாம் அங்கே கேட்கும்.

ஒருமுறை கிளேபாங் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், தம் சைக்கிளைச் சரிசெய்ய வந்தவர், இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அப்புறம் என்னாச்சுண்ணே? தப்பால் வேலை குடுத்துட்டாங்களா?" என்றார்.

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நான் பதில் யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"குடுக்கலங்க. புல்லு வெட்ட நான் போனேன்."

சொல்லிவிட்டு அவள் வெளியே வரவில்லை. டிரைவருக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் சிரிப்பை நிறுத்திவிட்டு, வண்டி ஆச்சா என்று கேட்டார். நான் கோனை இறுக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறுக்கிவிட்டேன், சக்கரம் அசையவில்லை. அவரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினேன்.